கூடாரத்தில் ஒரு பாடம்

மனிதனுக்கு இயற்கை அளித்த செல்வங்களுள் சிரிப்பு ஒன்று. செல்வரும் வறியரும், கற்றவரும் கல்லாதவரும் ஒன்றுபோல் உடைமையாகக் கொண்டது அது. தொல்காப்பியர் மனத்தின் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் முறையை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். அவ்வெட்டினுள் முதலிடம் பெற்றது நகை. அந்நகை பிறக்கும் காரணங்களும் நான்கு என்றார் அவர். எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்பன அவை. எள்ளல் என்பதற்கு உரை கூறிய பேராசிரியர், அதனை இரண்டாகப் பிரித்தார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னதற்குப் பெரிய மனம் வேண்டும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஒரு சிற்றூர்ச் சிறுவன் திரைப்படக் கூடாரத்தில் கற்றுக்கொண்டான்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில், சிவகிரிக்கு அருகில் அமைந்த ஊர் ராயகிரி. மேற்கே மலைத்தொடர் நீலச் சுவர்போல் நிற்கும். மழை பெய்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் வயல் சிரிக்கும். ஆடி மாதத்தில் அவ்வட்டாரத்து மக்கள் சங்கரன்கோவிலுக்குத் திரண்டு சென்று கோமதியம்மன் தவசைக் கண்டு மகிழ்வர். கோயில் கொடை நாள்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்பர். பாட்டும் கதையும் அவர்களுக்குப் புதியன அல்ல.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவ்வூரில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். உழவர் குடியிற் பிறந்தவன். பிறரைப்போல் நடப்பதும் பேசுவதும் அவனுக்குக் கைவந்த கலை. ஊர்த் தலையாரியின் நடை, சந்தைக்கு வரும் துணி வணிகரின் கூவல், கோயில் பூசாரியின் இருமல் ஆகிய அனைத்தையும் அப்படியே செய்து காட்டுவான். தெருவில் அவன் நின்றால் பத்துப் பேர் கூடுவர். 'பிள்ளை கெட்டிக்காரன்' என்று பெரியோரும் மெச்சினர். மெச்ச மெச்ச அவன் குறும்பு வளர்ந்தது.

அவன் வகுப்பில் மற்றொரு சிறுவன் படித்தான். ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பிலிருந்து வருபவன். அவன் குடும்பத்தில் அதற்கு முன் பள்ளிப் படியை மிதித்தவர் எவரும் இலர். கணக்கில் அவனை வெல்ல வகுப்பில் ஆளில்லை. ஆனால் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்கும்போது மட்டும் எழுத்தெழுத்தாகக் கூட்டி, தயங்கித் தயங்கிப் படிப்பான். ஒருநாள் ஆசிரியர் வருவதற்கு முன், குறும்புக்காரச் சிறுவன் எழுந்து நின்று, அத்தோழனைப்போல் புத்தகத்தைக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு படித்துக் காட்டினான். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலைகுனிந்து தன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பலகையில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆசிரியர் பெயரை அழைத்தார். விடை இல்லாமற் போகவே, அடுத்த பெயருக்குச் சென்றார். பள்ளி வழக்கம்போல் நடந்தது.

அந்நாளில்தான் ஊருக்கு அருகே இருந்த பொட்டலில் திரைப்படக் கூடாரம் முளைத்தது. நகரங்களில் உள்ள நிலையான கொட்டகைகளைப்போல் அன்றி, ஊர் ஊராகச் சென்று சில மாதம் தங்கிப் படம் காட்டிவிட்டுப் பெயரும் கூடாரங்கள் அக்காலத்தில் பல இருந்தன. தமிழ்நாட்டில் இம்முறைக்கு வழிகாட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். திருச்சியில் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றிய அவர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, 1905 ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். அப்பொழுது படங்கள் பேசவில்லை. 1931 ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்த பின்னரே திரையில் தமிழ் ஒலித்தது. பேசத் தொடங்கிய தமிழ்ப்படம் பாடவும் தொடங்கியது.

மாலையில் படத்தின் விளம்பரத் தட்டிகளை இருபுறமும் கட்டிய மாட்டுவண்டி தமுக்கு முழங்கத் தெருத்தெருவாகச் சென்றது. வண்டியிலிருந்து வண்ணத் துண்டுத்தாள்கள் பறந்தன. சிறுவர்கள் அவற்றைப் பொறுக்க ஓடினர். கதிரவன் மலைக்குப் பின் மறைந்ததும் கூடாரத்தின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. அப்பாட்டே மக்களுக்கு மணியோசை. வயலிலிருந்து திரும்பியவர்கள் கைகால் கழுவி, கஞ்சியைக் குடித்துவிட்டுப் பொட்டலை நோக்கி நடந்தனர். அன்று திரையிடப்பெற்ற படம் 'நல்லதம்பி'. நடித்தவர்கள் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும். இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே மக்கள் முகத்தில் முறுவல் அரும்பியது.

அவ்விருவர் வரலாறும் அறியத்தக்கது. கிருஷ்ணன் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29 ஆம் நாள் பிறந்தார். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. வறுமை அவரைப் பள்ளியில் நெடுநாள் இருக்கவிடவில்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் சிறுவனாக அவர் கலையுலகின் வாயிலில் நுழைந்தார். தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டு அவர் செவியில் ஊறியிருந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புப் பயின்றார். 1936 ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'சதி லீலாவதி' வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய அப்படத்தில் கிருஷ்ணனும் நடித்தார். அக்காலத்திலேயே 'வசந்தசேனா' என்னும் படத்தில் நடிக்கும்போது அவருக்கும் மதுரத்திற்கும் நட்பு உண்டாயிற்று. அந்நட்பு திருமணமாக மலர்ந்தது. வாழ்விலும் திரையிலும் இணைந்த அந்த இருவரும் 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' முதலிய படங்களில் தோன்றித் தமிழ் மக்களை மகிழ்வித்தனர்.

அவர்களுடைய நகைச்சுவைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. படத்தின் கதையை ஒருவர் எழுதுவார். நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவினருடன் தாமே அமைப்பார். அப்பகுதியில் பாட்டு இருக்கும்; கூத்து இருக்கும்; இவற்றின் அடியில் ஓர் அறிவுரையும் இருக்கும். மதுரம் கணவர் பேச்சுக்குத் தலையாட்டும் பொம்மையாக நடித்ததில்லை. அவர் கேட்பார், மறுப்பார், மடக்குவார். சில வேளைகளில் கிருஷ்ணன் தோற்பார். தோற்றுவிட்டுத் தாமே முதலிற் சிரிப்பார். அறிவியலை வளர்ப்பது பற்றி அவர்கள் இணைந்து பாடிய ஒரு பாட்டில், பொத்தானைத் தட்டியதும் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்னும் ஆசை வெளியிடப்படுகிறது. கேட்டவர்கள் அதனை வெறும் கற்பனையென்று சிரித்தனர். இன்று பொத்தானைத் தட்டினால் காப்பி தரும் பொறியின்முன் வரிசையில் நிற்பவர்கள், அக்கற்பனையின் கூர்மையை வியவாதிருக்க முடியாது.

புகழின் உச்சியில் இருந்தபோது கிருஷ்ணனுக்குப் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான எம். கே. தியாகராச பாகவதருடன் அவரும் குற்றம் சாட்டப்பட்டு, 1944 ஆம் ஆண்டின் இறுதியில் சிறைப்படுத்தப்பட்டார். வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அம்மன்றம் வழக்கை மீண்டும் ஆராயுமாறு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பியது. 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருவரும் விடுதலை பெற்றனர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அக்காலத்தில் மதுரம் மனம் தளர்ந்து மூலையில் உட்காரவில்லை. நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தினார், எஸ். வி. சகஸ்ரநாமம் அவருக்குத் துணை நின்றார். 'பைத்தியக்காரன்' என்னும் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணன் விடுதலையாகி வந்தார். அவருக்கென ஒரு பாத்திரம் படத்தில் சேர்க்கப்பட்டது. துன்பம் பட்டு வந்தவர் மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார். பிறர் தம்மை எள்ளிய காலத்திலும் நகையை இழவாத பெருமனம் அவருடையது.

விடுதலைக்குப் பின் அவர் உருவாக்கிய படமே 'நல்லதம்பி'. 1949 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் சி. என். அண்ணாதுரை. பிற்காலத்தில், 1967 ஆம் ஆண்டில், முதலமைச்சராகிய பேரறிஞர் அவரே. இயக்கியவர்கள் கிருஷ்ணன், பஞ்சு என்னும் இரட்டையர். பி. பானுமதியும் சகஸ்ரநாமமும் உடன் நடித்தனர். அமெரிக்க நாட்டில் பிராங்க் காப்ரா 1936 ஆம் ஆண்டில் எடுத்த ஒரு படத்தின் கருவைத் தழுவியது அக்கதை. எளிய வாழ்வு வாழும் ஒருவனுக்கு எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வந்து சேர்கிறது. அவன் அதனைத் தன் இன்பத்திற்கு வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்குப் பயன்படுத்த முற்படுகிறான். இதுவே கரு. அமெரிக்கக் கதையின் செல்வம் இங்கே ஒரு சமீன்தாரின் செல்வமாயிற்று. களம் தமிழ்நாட்டுச் சிற்றூராயிற்று.

இம்மாற்றம் காலத்தோடு பொருந்தியது. சமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், மதுவிலக்கு மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. படத்திலோ மதுவின் கேடும் மதுவிலக்கின் நன்மையும் பாட்டும் கூத்துமாகக் காட்டப்பட்டன. சிவகிரிச் சமீனின் பெயரைக் கேட்டே வளர்ந்த ராயகிரி மக்களுக்கு இவை தொலைநாட்டுக் கதைகளாகத் தோன்றவில்லை. தங்கள் தெருவின் கதையாகவே தோன்றின.

சிறுவன் தன் தாத்தாவுடன் கூடாரத்திற்குள் நுழைந்தான். முன்பகுதி மணல் தரை. பலர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்தனர். பின்னால் சில நீளப் பலகைகளும், அவற்றிற்கும் பின்னால் நாற்காலிகளும் இருந்தன. வெளியே எண்ணெய் எந்திரம் படபடவென்று ஓடி மின்சாரம் தந்தது. கருவிக்குள் இரண்டு கரிக்கோல்களின் நுனிகளுக்கு இடையே பாய்ந்த மின்சாரம் கண் கூசும் ஒளியை எழுப்பியது. அவ்வொளி படச்சுருளின் வழியே புகுந்து வெள்ளைத் திரையிற் பட்டது. சுருளில் இருப்பவை யாவும் அசையாத படங்களே. நொடிக்கு 24 படங்கள் விரைந்து செல்வதால் அவை அசைவனபோல் தோன்றும். வண்ணம் இல்லை, கறுப்பும் வெளுப்புமே உண்டு. ஆயினும் பார்த்தவர்கள் அக்குறையை உணரவில்லை. கிருஷ்ணனின் குறும்புக் கண்களும் மதுரத்தின் முகக்குறிப்பும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

கூடாரத்தில் கருவி ஒன்றே இருந்தது. ஆதலால் ஒரு சுருள் முடிந்ததும் விளக்கேற்றிவிட்டு அடுத்த சுருளை மாட்டுவர். அந்த இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் விற்கும் சிறுவர் மணலில் புகுந்து புகுந்து வருவர்.

படத்தின் சிறப்பான பகுதி வந்தது. கிருஷ்ணன் கதை நிகழ்த்தும் பாகவதராகத் தோன்றினார். அவர் சொல்லத் தொடங்கியது கிந்தனார் சரித்திரம். கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம் அந்நாளில் யாவரும் அறிந்தது, கே. பி. சுந்தராம்பாளும் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களும் வந்திருந்தன. அக்கதையின் அமைப்பையே எடுத்துக்கொண்டு, கிருஷ்ணனும் கவிஞர் உடுமலை நாராயண கவியும் புதிய கதை ஒன்றைப் புனைந்தனர். நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கினார். கிந்தனோ பள்ளிக்குச் செல்ல ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த அவனுக்குக் கல்வியின் கதவு எளிதில் திறப்பதில்லை. அவன் தொடர்வண்டி ஏறிப் பட்டணம் சேர்கிறான்; படிக்கிறான்; பின்னர்ப் பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வருகிறான்.

இக்கதையைக் கிருஷ்ணன் கண்ணீர் வடித்துச் சொல்லவில்லை. சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். தொடர்வண்டியின் ஓசையைப் பாட்டில் கேட்ட மக்கள் வண்டியிலேயே ஏறியவர்போல் ஆடினர். தொடர்வண்டியில் ஏறுபவனிடம் சீட்டு உண்டா என்று கேட்பார்கள். குலம் எது என்று கேட்பதில்லை. சிரிப்பின் நடுவே இவ்வுண்மை கேட்போர் உள்ளத்தில் தானே இறங்கியது.

சிறுவனும் கைதட்டிச் சிரித்தான். பாகவதரின் கையசைவை மனத்திற் பதித்துக்கொண்டான். மறுநாள் வகுப்பில் செய்து காட்ட வேண்டும் அல்லவா! அவ்வேளையில் சுருள் முடிந்து விளக்கு எரிந்தது. நான்கு முழத் தொலைவில், அதே மணலில், தன் தந்தையின் மடியோடு ஒட்டி அமர்ந்திருந்தவனைச் சிறுவன் கண்டான். பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட தோழன் அவனே. அவன் முகத்திலும் சிரிப்பு இருந்தது. பல நாளாகச் சிரிக்காதவன் சிரிக்கும் சிரிப்பு அது. அவன் சட்டென்று திரும்பினான். இருவர் கண்களும் சந்தித்தன. தோழனின் முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கை ஊதி அணைத்தாற்போல் மறைந்தது.

மீண்டும் கூடாரம் இருண்டது, படம் ஓடியது. மக்கள் சிரித்தனர். சிறுவனால் சிரிக்க முடியவில்லை. திரையில் இருந்த கலைஞர் கிந்தனைப் பற்றிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். ஆனால் அச்சிரிப்பு கிந்தன்மேல் விழவில்லை. அவனைப் படிக்கவிடாமல் தடுத்தவர்கள் மேல் விழுந்தது. தான் வகுப்பில் எழுப்பிய சிரிப்போ கிந்தன்மேலேயே விழுந்தது. கலை ஒன்றே, கை தட்டியவர்களும் ஏறக்குறைய அதே மக்களே. ஆயினும் ஒரு சிரிப்பு ஒருவனைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டது. மற்றொரு சிரிப்பு ஒருவனைப் பள்ளியிலிருந்து ஓட்டியது. இவ்வளவு தெளிவாக அன்று அவனுக்கு எண்ணத் தெரியவில்லை. நெஞ்சில் ஏதோ முள் தைத்ததுபோல் இருந்தது, அவ்வளவே.

படம் முடிந்து அரிக்கன் விளக்கின் ஒளியில் வீடு திரும்பும்போது தாத்தா கேட்டார்: "பாதிப் படத்தில் உன் சிரிப்பு நின்றுவிட்டதே, ஏன் ராசா?"

சிறுவன் நடந்ததைச் சொன்னான். தாத்தா சிறிது தொலைவு பேசாமல் நடந்தார். பிறகு, "உன் பாட்டனுக்கும் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அந்தப் பையனைப்போல் நீ படித்துக் காட்டினாயே, அது நான் படிக்கிற மாதிரியும் இருந்திருக்கும்" என்றார். அதன்பின் வீடு சேரும் வரை இருவரும் பேசவில்லை.

மறுநாட் காலையில் சிறுவன் குளக்கரைக்குச் சென்றான். தோழன் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பள்ளிக்கு வருகிறாயா?" என்று கேட்டான் சிறுவன்.

"வந்தால் மறுபடியும் படித்துக் காட்டுவாயா?"

"இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுவேன். நான் போடுகிற மாதிரி."

தோழன் ஒரு கணம் திகைத்தான். குறும்புக்காரனுக்குக் கணக்கு எவ்வளவு தூரம் என்பது வகுப்பு முழுவதும் அறிந்தது. ஏழையும் எட்டையும் பெருக்குவதற்குள் அவன் விரல்களும் கால்விரல்களும் தீர்ந்துபோகும். அக்காட்சியை எண்ணிப் பார்த்த தோழன் வாய்விட்டுச் சிரித்தான். இருவரும் சிரித்தனர். சொன்னபடியே, இரண்டு நாள் கழித்து வகுப்பில் சிறுவன் தன் கணக்கின் அழகைத் தானே நடித்துக் காட்டினான். அன்று சிரிக்காதவர் எவரும் இலர். அழுதவரும் எவரும் இலர். அதன்பின் மாலைதோறும் ஒருவன் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். மற்றவன் பாடத்தை உரக்கப் படித்துப் பழக்கினான்.

உலகின் சிறந்த நகைச்சுவைக் கலைஞர் பலரும் தங்கள் மேலேயே சிரிப்பை வரவழைத்தவர்கள் ஆவர். சார்லி சாப்ளின் கிழிந்த காலணியோடு நடந்து, வறியவனின் துன்பத்தை உலகுக்குக் காட்டினார். லாரல், ஹார்டி என்னும் இரட்டையர், ஒருவர் மெலிந்தும் ஒருவர் பருத்தும் திரையில் தோன்றி, தங்கள் அறியாமையையே பொருளாக்கிச் சிறுவர் முதியோர் அனைவரையும் சிரிக்க வைத்தனர். இசையும் நகையும் கலந்த படங்களும் அவர்கள் நடித்தவற்றுள் உண்டு. அவ்விருவருள் ஹார்டி 1957 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7 ஆம் நாள் மறைந்தார். அதே திங்கள் 30 ஆம் நாள் கலைவாணர் கிருஷ்ணனும் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டே. மறைவதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த 'ராஜா ராணி' என்னும் படத்தில், சிரிப்பின் வகைகளை எல்லாம் சிரித்துக் காட்டி அவர் ஒரு பாட்டுப் பாடினார். சிரிப்பை ஆராய்ந்த ஒருவரது வாழ்நாள் அறிவின் பிழிவு அது.

மதுரம் 1974 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கலைவாணர் நெல்லை மாவட்டத்திலிருந்து சென்னைக்கு அழைத்துச் சென்ற இளைஞர் சுப்பு ஆறுமுகம், வில்லுப்பாட்டுக் கலையைப் பல பத்தாண்டுகள் வளர்த்து, 2021 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 ஆம் ஆண்டில் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் கலைவாணருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1969 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அதனைத் திறந்து வைத்தவர், 'நல்லதம்பி'க்கு எழுதிய அண்ணாவே. அப்போது அவர் கடும் நோயுற்றிருந்தார். அதன்பின் மூன்று வாரம் கூடக் கழியவில்லை. பிப்ரவரி 3 ஆம் நாள் அவரும் மறைந்தார். தம் நண்பருக்குச் செய்த கடமையே அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுவிழாவாக அமைந்தது.

பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத ஒருவர், பள்ளியில் சேரத் துடித்த ஒரு சிறுவனின் கதையை நாடெங்கும் பாடினார் என்பது எண்ணத்தக்கது. தமக்குக் கிட்டாத ஒன்றைப் பிறர் பெறக் கண்டு பொறாமை கொள்வோர் உண்டு. அதனைப் பிறர்க்குக் கிட்டச் செய்ய உழைப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கலைவாணர்.

ராயகிரிச் சிறுவன் வளர்ந்து உழவனாகவே வாழ்ந்தான். அவன் தோழன் பள்ளியிறுதி வகுப்பில் தேறி, பயிற்சி பெற்று, தொடக்கப்பள்ளி ஆசிரியரானான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவன் எழுந்து நின்றால், அவ்வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி நிலவுமாம். அவன் படித்து முடிக்கும் வரை ஆசிரியரும் நின்றுகொண்டே கேட்பாராம்.

கூடாரம் இருந்த பொட்டலில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. அன்றைய குறும்புக்காரர் எண்பது வயதைக் கடந்துவிட்டார். அண்மையில் அவருடைய பேரன் கைப்பேசியில் அப்பழைய படத்தை எடுத்துக் காட்டினான். உள்ளங்கை அளவுத் திரையில் கறுப்பும் வெளுப்புமாகக் கலைவாணர் தோன்றிக் கிந்தன் கதையைத் தொடங்கினார். பேரன் சிரித்தான். முதியவரும் சிரித்தார். விளக்கு எரிந்த அந்த இடம் வந்தபோது மட்டும், பழக்கத்தினால், அவர் நான்கு முழத் தொலைவில் யாரோ இருப்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

சிரிக்கத் தெரிந்தவர் பலர். சிரிக்குமுன் அச்சிரிப்பு எவர்மேல் விழும் என்று திரும்பிப் பார்ப்பவர் சிலர். அச்சிலராக இருக்கக் கற்பதும் கல்வியே.